உறைந்த பிறகு வரும் அறிவிப்பு யாருக்கு? குடிநீர் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

குடிநீர் வாரியத் தலைவர், உறுப்பினர்கள், பொறியாளர்கள் அனைவருக்கும்,

இம்முறை வந்த கட்டண ரசீதின் அடியில் ஒரு வரி அச்சாகியிருக்கிறது: "குளிர்காலம் நெருங்குகிறது, குழாய்களைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்." இலையுதிர்காலத்தில் வீடுவீடாக வந்து மீட்டர் பெட்டியையும் வெளி வால்வையும் பார்த்துப்போகும் வேலையை நிறுத்திவிட்டீர்கள். அதற்குப் பதிலாக வந்திருப்பது இந்த ஒரு வரிதான். கூடவே இரண்டு முடிவுகளையும் எடுத்திருக்கிறீர்கள். மீட்டருக்கு வீட்டுப் பக்கம் எது உறைந்தாலும் அது வீட்டுக்காரர் பாடு. உறையாமல் இருக்கக் குழாயைத் திறந்து ஓடவிட்டால் அந்தத் தண்ணீருக்கும் முழுக் கட்டணம். வீடுகளில் குழாய் வேலை பார்ப்பவர்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பராமரிப்பவர்களுமான எங்களால் இதை வாய்மூடி ஏற்க முடியவில்லை.

"பாதுகாத்துக்கொள்ளுங்கள்" என்பதைப் படித்தவர் என்ன செய்வார்? கண்ணில் படுகிற குழாயில் பழைய துணியையோ நுரை உறையையோ சுற்றுவார். வேலை முடிந்தது என்று நினைப்பார். உறை வெப்பத்தைத் தருவதில்லை, இருக்கிற வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. இரவெல்லாம் நீர் அசையாமல் நின்றால் உறை போட்ட குழாயும் உறையும், கொஞ்சம் தாமதமாக. அதைவிடக் கெடுதல், வெளிச்சுவரை ஒட்டி ஓடும் குழாயைச் சுற்றிலும் பஞ்சு திணித்து மூடிவிடுவது. அறையின் வெதுவெதுப்பு குழாயை எட்டாமல் போகிறது. பஞ்சு, குழாய்க்கும் வெளிச்சுவருக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். அறைப் பக்கம் திறந்தே கிடக்க வேண்டும். பரணில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான்: தொட்டியின் மேலும் பக்கங்களிலும் மூடலாம், அடியில் மூடக்கூடாது, கீழ் அறையின் வெப்பம் ஏறி வர வழி வேண்டும். ஒரே பஞ்சு, வைக்கிற இடத்தைப் பொறுத்து காக்கிறது அல்லது கெடுக்கிறது. இதை உங்கள் வரி சொல்லவில்லை.

உறை போடுவதற்கும் முன்னால் செய்ய வேண்டியது காற்று வரும் வழியை அடைப்பது. கேபிள் நுழையும் துளை, குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும் இடம், கீழ்த்தளத்தில் மரச்சட்டம் அடித்தளத்தின்மேல் உட்காரும் விளிம்பு ஆகிய இடங்களில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலே போதும், அதன் வழியே வரும் காற்று குழாயின் ஒரு சாண் நீளத்தைக் குறிவைத்து உறையவைத்துவிடும். உறைகிற இடத்தை நாங்கள் தேடுவதே இப்படித்தான்: குளிர் நாளில் ஈரக் கையைக் குழாய் நெடுகக் கொண்டுபோனால் காற்று எங்கே அறைகிறது என்று கையே சொல்லிவிடும். காற்றுப் படாத இடத்தில், உறையில்லாத குழாய்க்கு வெளியே சுமார் மைனஸ் 7 டிகிரி செல்சியஸ்தான் எச்சரிக்கை எல்லை என்று 1996-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று காட்டியது. காற்று நேராக அடித்தால் அவ்வளவு குளிர்கூடத் தேவையில்லை.

குழாய் ஏன் வெடிக்கிறது என்பதையும் மக்களுக்குச் சொல்லியாக வேண்டும். அது தெரிந்தால் மற்ற அறிவுரைகள் தாமாகவே புரியும். நீர் உறையும்போது கன அளவில் சுமார் 9 சதவீதம் பெருக்கிறது. பனிக்கட்டி பக்கவாட்டில் தள்ளிக் குழாயைக் கிழிப்பதாகத்தான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. குழாயின் நடுவில் ஓரிடத்தில் பனி அடைப்பு விழுகிறது. அடைப்பு வளர வளர, அதற்கும் மூடியிருக்கும் குழாய் வாய்க்கும் இடையே சிக்கிய நீர் நெருக்கப்படுகிறது. பிரதான குழாய்ப் பக்கம் இருக்கும் நீர் பின்வாங்க இடமுண்டு, இந்தப் பக்க நீருக்குப் போக்கிடம் இல்லை. வீட்டில் சாதாரணமாக 3 முதல் 5 பார் அழுத்தம் இருக்கும். சிக்கிய நீரில் அது நூறு பாரைத் தாண்டிவிடும். அப்போது எங்கே பலவீனமோ அங்கே கிழிகிறது. ஆகவே கிழிந்த இடம் உறைந்த இடமாக இருக்க வேண்டியதில்லை, வெதுவெதுப்பான சமையலறைக்குள்ளேகூட இருக்கலாம். குழாயைச் சொட்ட விடச் சொல்வதன் பெரிய பயனும் இதுதான். நீர் அசைவதால் கொஞ்சம் நன்மை, ஆனால் அதைவிட, அடைப்பு விழுந்தாலும் அழுத்தம் வெளியேற ஒரு வாய் திறந்திருக்கிறது.

இனிச் சொல்லப்போவதில்தான் வாரியம் செய்கிற பெரிய பிழை இருக்கிறது. உறைதல் ஒன்றல்ல, இரண்டு. இரண்டுக்கும் காரணம் வேறு, காலம் வேறு, மருந்தும் வேறு. நீங்கள் இரண்டையும் ஒரே வரியில் போட்டுவிட்டீர்கள்.

ஒன்று, வீட்டுச் சுவருக்குள் ஓடும் குழாய் உறைவது. காற்று குளிர்ந்த அன்றிரவே இது நடந்துவிடும், வெயில் ஏறினால் விட்டும்விடும். இதற்கு வெளிச்சுவரை ஒட்டிய, கடைக்கோடிக் குழாயைச் சொட்ட விட்டால் போதும். சுடுநீர்ப் பக்கமும் குளிர்நீர்ப் பக்கமும் இரண்டும் சொட்ட வேண்டும், ஒற்றைக் கைப்பிடிக் குழாயானால் கைப்பிடியை நடுவில் வைக்க வேண்டும். சுடுநீர்க் குழாய் உறையாது என்று நம்பி ஏமாந்தவர்கள் அநேகம். கொதிகலனிலிருந்து தள்ளியிருக்கும் குழாயில் இரவில் நிற்பது சுடுநீர் அல்ல. சிங்க்கின் கீழுள்ள அலமாரிக் கதவைத் திறந்து வைத்தால் அறை வெப்பம் குழாயை எட்டும். ஒரு பாத்திரத்தை அடியில் வைத்து, 10 நிமிடத்தில் 1 லிட்டர் நிரம்பும் அளவுக்குச் சொட்ட விட்டால் நாளொன்றுக்கு 144 லிட்டர். ஒரு குளிர் இரவுக்கு மட்டும் என்றால் பெரிய செலவில்லை.

இரண்டாவது, தெருவிலிருந்து வீட்டுக்கு மண்ணுக்குள் வரும் இணைப்புக் குழாய் உறைவது. இது இரவில் வருவதல்ல. உறைபனி மண்ணுக்குள் மெல்ல மெல்ல இறங்குகிறது. காற்று மிகவும் குளிர்ந்த வாரங்கள் கழிந்து வெயில் எட்டிப்பார்க்கும்போதும் கீழே அது இறங்கிக்கொண்டே இருக்கும். பகலில் பனி உருகுகிறது, குளிர் போய்விட்டது என்று குழாயை மூடுகிறார்கள், மறுநாள் நீர் வரவில்லை. கனடாவின் வினிபெக் நகரில் 2014-இல் நடந்தது இதுதான். குளிர் தணிந்த பிறகும் இணைப்புக் குழாய்கள் அடுத்தடுத்து உறைந்தன, சில வீடுகள் பல வாரங்கள் நீரில்லாமல் இருந்தன.

மண்ணுக்குள் இருக்கும் குழாய்க்குச் சொட்டு போதாது. பென்சில் கனத்துக்குத் தொடர்ந்து ஓட வேண்டும். காற்றின் வெப்பநிலையைப் பார்த்தும் முடிவெடுக்கக்கூடாது, நீரின் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். சமையலறையில் குளிர்நீர்ப் பக்கக் குழாயை முழுதாகத் திறந்து, இதற்குமேல் குளிராது என்று தோன்றும்வரை சில நிமிடம் ஓட விடுங்கள். ஒரு குவளையில் பிடித்து, சமையல் தெர்மாமீட்டரை ஒரு நிமிடம் உள்ளே வைத்துப் பாருங்கள். வாரம் இரண்டு முறை இதைக் குறித்து வைத்தால் எண் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். 8, 6, 5 என்று வந்து 4 டிகிரிக்குக் கீழே போனால் ஓடவிடும் நேரம் வந்துவிட்டது. ஒருமுறை தொடங்கினால் இரவு பகல் நிறுத்தக்கூடாது, வாரியம் சொல்லும்வரை. ஓடும் நீர் சாக்கடைக் குழாயில் ஒழுங்காகப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். மெல்லிய ஓட்டம் வெளிப்புறக் கழிவுக் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்வதும் உண்டு, அப்போது ஒன்றுக்கு இரண்டு தொல்லை.

இணைப்புக் குழாய்மேல் கிடக்கும் பனியையும் ஒதுக்கக்கூடாது. வண்டிப் பாதையைச் சுத்தமாக வழித்து வைத்திருக்கும் வீட்டில்தான் மண் ஆழமாக உறைகிறது. பனி ஒரு போர்வை, குவிந்து கிடந்தால் அடியில் உள்ள மண்ணைக் காக்கும். மீட்டர் குழியின் மூடிமேலும் அப்படியே. ஆனால் தன் வீட்டு இணைப்பு எந்த வழியாக, எவ்வளவு ஆழத்தில் வருகிறது என்று வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? அந்த வரைபடம் உங்களிடம் இருக்கிறது. எந்தத் தெருவில் குழாய் ஆழமில்லாமல் போட்டிருக்கிறது, எந்த இணைப்பு முன்னொரு ஆண்டில் உறைந்தது என்ற பதிவேடும் உங்களிடம்தான் இருக்கிறது. அந்த வீடுகளைத் தேடிச் சென்று சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். உங்கள் குழாயின் ஆழக் குறைவுக்கு வீட்டுக்காரர் பொறுப்பாக முடியாது.

கட்டண முடிவுக்கு வருகிறோம். பென்சில் கனத்து ஓட்டத்தை நிமிடத்துக்கு 1 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 1,440 லிட்டர், 60 நாளுக்கு 86,400 லிட்டர். உறையாமலிருக்க ஓடவிட்டால் முழுக் கட்டணம் என்று அறிவித்தால், கையில் காசு குறைந்தவர் குழாயை மூடுவார். மூடினால் உறையும், உறைந்தால் உங்கள் ஆள் வந்து தோண்ட வேண்டும், அல்லது குழாய் கிழிந்து இன்னும் அதிக நீர் போகும். கிழிந்த குழாயில் நிமிடத்துக்கு 20 லிட்டர் போனாலும், ஆள் வேலைக்குப் போய்த் திரும்பும் 8 மணி நேரத்தில் 9,600 லிட்டர் தரையில் ஓடும். வினிபெக்கில் ஓடவிடச் சொன்ன வீடுகளுக்குக் கட்டணத்தைச் சரிக்கட்டினார்கள். இங்கேயும் அதுதான் நியாயம். இன்னொன்று: தொடர் ஓட்டத்தைக் கண்டால் ஸ்மார்ட் மீட்டர் "கசிவு" என்று எச்சரிக்கை அனுப்புகிறது. நீங்கள் ஓடவிடச் சொல்லி, உங்கள் மீட்டரே மூடச் சொன்னால் மக்கள் எதைக் கேட்பார்கள்? ஓடவிடும் பட்டியலில் இருக்கும் இணைப்புகளுக்கு அந்த எச்சரிக்கையை வேறு விதமாக அமைக்க வேண்டும்.

எல்லாரையும் ஓடவிடச் சொல்லிவிட்டால் போதுமே என்றும் நினைத்துவிட வேண்டாம். பத்தாயிரம் வீடுகள் நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடவிட்டால் நாளொன்றுக்கு 1 கோடியே 44 லட்சம் லிட்டர். அந்த நேரத்தில்தான் பிரதான குழாய்களும் உடைகின்றன. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தை உலுக்கிய குளிரில் ஹூஸ்டன் நகர அதிகாரிகள், அழுத்தம் விழுவதால் குழாயைச் சொட்ட விடாதீர்கள், வேண்டுமானால் பிரதான வால்வை மூடிக் குழாயை வடித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அதுவரை சொட்ட விடுங்கள் என்று கேட்டுப் பழகிய மக்கள் குழம்பினார்கள். யார் ஓடவிட வேண்டும், யார் சொட்ட விட்டால் போதும், யாருக்கு எதுவும் தேவையில்லை என்று தெருவாரியாகப் பிரித்துச் சொல்ல வாரியத்தால் மட்டுமே முடியும். அதைச் சொல்லாமல் விட்டால் தேவையில்லாதவர் ஓடவிடுவார், தேவையானவர் மூடுவார்.

வால்வுக்கு வருவோம். குளிர்காலத்தில் ஒரு வீட்டைக் காப்பாற்றுவது உறையோ ஹீட்டரோ அல்ல, கைக்கு எட்டும் இடத்தில் உள்ள, சுழலுகிற வால்வு. குழாய் கிழிந்தால் முதல் இரண்டு நிமிடத்தில் அதை மூட வேண்டும். வீட்டுக்காரர் அதைத் தேடவே அரைமணி ஆகிறது. கண்டுபிடித்தால் சுழலவில்லை. வருடக்கணக்கில் தொடாத கேட் வால்வு (பல சுற்றுத் திருப்பி மூடும் வகை) இறுகிப்போயிருக்கும். ரென்ச் போட்டு முறுக்கினால் தண்டு முறிந்து கையோடு வரும், அல்லது தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பேக்கிங் வழியே நீர் கசியும். எனவே குளிர் வருவதற்கு முன்பே, அவசரம் இல்லாத ஒரு பகலில், கையால் மட்டும் மெல்ல முன்னும் பின்னும் அசைத்து வலப்புறம் முழுதாக மூடிப் பார்க்க வேண்டும். சமையலறைக் குழாயைத் திறந்தால் நீர் முற்றிலும் நிற்கிறதா? நிற்காமல் நூலாக ஓடினால் வால்வின் உள்ளே மூடும் பகுதி உட்காரும் இடம் தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும். நின்றால், இடப்புறம் முழுதாகத் திறந்து, பிறகு கால் சுற்று மட்டும் திரும்ப மூடி வைக்க வேண்டும். முழுதாகத் திறந்த நிலையிலேயே விட்டால் அடுத்த முறை ஒட்டிக்கொள்ளும். தண்டில் லேசாகக் கசிந்தால் அதன் நட்டை எட்டில் ஒரு பங்கு சுற்று இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். கால் சுற்றிலேயே மூடும் பால் வால்வானால் (ball valve) கைப்பிடி குழாயோடு நீளவாட்டில் இருந்தால் திறந்தது, குறுக்கே இருந்தால் மூடியது. ஒரு அட்டையில் "தண்ணீர் மூட இங்கே" என்று எழுதிக் கட்டிவிட வேண்டும், இருட்டில் டார்ச் அடித்தால் தெரியும் வண்ணத்தில்.

உள் வால்வு வேலை செய்யாவிட்டால் மிஞ்சுவது தெருவோரத்தில் உள்ள உங்கள் வால்வு. அதன் பெட்டி மண் நிறைந்து, அல்லது தார் போட்டு மூடி, அல்லது மூடி காணாமல் கிடக்கிறது. இதைத்தான் உங்கள் ஆட்கள் இலையுதிர்காலத்தில் வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மண்ணை வாரி, சாவியைப் போட்டு ஒருமுறை திருப்பிப் பார்க்க ஒரு வீட்டுக்குச் சில நிமிடம்தான் ஆகும். அதை நிறுத்தியதால் மிச்சமாகும் நேரம், உறைந்த மண்ணில் அதே பெட்டியைத் தோண்டித் தேடும் ஒரே இரவில் போய்விடும். மீட்டர் குழியும் அப்படித்தான். மூடி உடைந்திருந்தால் குளிர்க்காற்று நேராக மீட்டர்மேல் இறங்கும். உறைந்தால் உடையும்படி அடித்தட்டு வைத்த மீட்டர்கள் உண்டு. அடித்தட்டு போனாலும் அளக்கும் பகுதி தப்பும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் அது உடைந்த பிறகு குழி முழுக்க நீர் நின்று மறுபடி உறைகிறது. நல்ல மூடி ஒன்று போட்டிருந்தால் இவ்வளவும் மிச்சம்.

தோட்டத்துக் குழாய் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் விவரம் தெரிந்தவர்களே தவறுகிறார்கள். உறையாத வகைக் குழாய் என்று விற்கப்படுவதில் மூடும் பகுதி சுவருக்கு உள்ளே, வெப்பமான பக்கத்தில் இருக்கும். மூடியதும் வெளித்தண்டில் உள்ள நீர் வடிந்துவிடும். ஹோஸ் பைப்பைக் கழற்றாமல் விட்டால் வடியாது. தண்டுக்குள் நின்ற நீர் உறைந்து, தண்டு நீளவாட்டில் விரிசல் விடும். குளிர்காலம் முழுக்க ஒன்றும் தெரியாது, மூடியிருக்கும் வரை கசியாது. வசந்தத்தில் முதன்முதல் செடிக்குத் தண்ணீர் விடத் திறக்கும்போது சுவருக்குள்ளே கொட்டும். அறிவிப்பில் "ஹோஸ் பைப்பைக் கழற்றுங்கள்" என்று மூன்று சொல் போட்டால் இது தீரும். பழைய வகைக் குழாயானால் உள்ளே உள்ள வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்து, வால்வின் பக்கத்திலுள்ள சிறு வடிகால் மூடியையும் கழற்றி வடித்து, வெளிக்குழாயைத் திறந்தபடியே விட்டுவிட வேண்டும்.

உறைந்துவிட்டால் என்ன செய்வது என்பதில் உங்கள் மௌனம் ஆபத்தானது. மக்கள் நெருப்பைக் கொண்டுபோகிறார்கள். தீச்சுடர் பட்டால் சிக்கிய நீர் ஆவியாகிக் குழாய் வெடிக்கும், சுவரின் மரமும் பற்றும். சரியான முறை இது. முதலில் அந்தக் குழாயின் வாயைத் திறந்து வையுங்கள், உருகும் நீரும் அழுத்தமும் போக வழி வேண்டும். பிறகு குழாய் வாயிலிருந்து தொடங்கி உறைந்த இடத்தை நோக்கி நகருங்கள், நடுவில் தொடங்காதீர்கள். ஹேர் டிரையர் போதும், அல்லது சுடுநீரில் பிழிந்த துணி. ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு ஈரத்தரையில் நிற்கக்கூடாது. நீர் நூலாக வரத் தொடங்கியதும் நிறுத்தாமல் தொடருங்கள், ஓடும் நீரே மீதியைக் கரைக்கும். குழாயில் கிழிசலோ வீக்கமோ கண்ணில் பட்டால் உருக்குவதற்கு முன்பே பிரதான வால்வை மூடிவிட வேண்டும், ஏனென்றால் அதுவரை பனியே அடைப்பாக நின்று நீரைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. வெல்டிங் மெஷினை மாட்டி மண்ணுக்குள் இருக்கும் உலோகக் குழாயை உருக்கும் வழக்கத்தை வாரியம் பகிரங்கமாகத் தடுக்க வேண்டும். மின்சாரம் எதிர்பாராத வழியில் பாய்ந்து வீடு தீப்பிடித்திருக்கிறது. நடுவில் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய் இருந்தாலும் அந்த முறை பலிக்காது.

குழாயில் சுற்றிச் சூடேற்றும் மின் கேபிளான வெப்பக் கேபிளை வாங்கச் சொல்பவர்கள், சாதாரண வகைக் கேபிளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்ற வேண்டும், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் வழியே இணைக்க வேண்டும், மேலே உறை போடலாமா என்பதைத் தயாரிப்பாளர் குறிப்பில் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடுங்குளிரும் மின்தடையும் சேர்ந்தே வருவதுண்டு. ஹீட்டர் நின்று பல மணி நேரம் திரும்பாது என்று தெரிந்தால் காத்திருக்காமல் வீட்டை வடித்துவிட வேண்டும். சுடுநீர்த் தொட்டியின் மின்சாரத்தை அல்லது எரிவாயுவை முதலில் நிறுத்த வேண்டும். நீரில்லாத தொட்டியில் மின்சாரம் திரும்பினால் ஹீட்டிங் எலிமெண்ட் கருகிவிடும். அடுத்து பிரதான வால்வை மூடி, மிக உயரத்தில் உள்ள குழாயையும் மிகத் தாழ்வில் உள்ள குழாயையும் திறக்க வேண்டும். மேலே காற்று புகுந்தால்தான் கீழே நீர் இறங்கும். கழிப்பறைத் தொட்டியை ஒருமுறை இழுத்துவிட வேண்டும். சிங்க்குக்கு அடியில் வளைவில் நிற்கும் நீரும் உறையும். அதில் புரொப்பிலீன் கிளைக்கால் வகை உறைதடுப்பு திரவத்தைத்தான் ஊற்ற வேண்டும், காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்காலை ஒருபோதும் ஊற்றக்கூடாது, அது நஞ்சு. ஊருக்குப் போகிறவர்கள் வடிக்காமல் விட்டால் ஹீட்டரை அணைத்துவிட்டுப் போகக்கூடாது, குறைந்தது 13 டிகிரியாவது இருக்க வேண்டும். அப்போதும் பிரதான வால்வை மூடிவிட்டுப் போவதே மேல்.

இனி உங்கள் பக்கம். நீரின் வெப்பநிலை சட்டென இறங்கும் முதல் குளிரிலேயே பழைய வார்ப்பிரும்புப் பிரதான குழாய்கள் உடையத் தொடங்குகின்றன. குழாய் சுருங்குகிறது, மண் உறைந்து மேலிருந்து அழுத்துகிறது, இரண்டுக்கும் நடுவில் குறுக்கே பிளக்கிறது. பிளந்த இடத்தில் மாட்டும் கிளாம்ப் கிடங்கில் இருக்கிறதா? 150 மி.மீ. என்று ஏட்டில் உள்ள குழாய்கள் எல்லாமே வெளிவிட்டத்தில் ஒன்றல்ல, பழைய வார்ப்பிரும்புக்கும் புதிய பிளாஸ்டிக்குக்கும் அளவு மாறும். தோண்டிய பிறகு கிளாம்ப் பொருந்தவில்லை என்றால் அந்தத் தெரு இன்னொரு இரவு நீரில்லாமல் கிடக்கும். தெருவாரியாக அளந்து எழுதி வைத்திருக்க வேண்டும், அது உறைந்த குழியில் நின்று செய்கிற வேலை அல்ல. தீயணைப்பு ஹைட்ரண்டுகளையும் பாருங்கள். மூடிய பிறகு உள்ளிருக்கும் நீர் அடியில் உள்ள வடிதுளை வழியே மண்ணில் இறங்க வேண்டும். வாயில் உள்ளங்கையை வைத்தால் கை உள்ளே இழுபடும், அப்படியானால் வடிகிறது. இழுக்கவில்லை என்றால் துளை அடைத்திருக்கிறது, பம்ப் போட்டு இறைத்து வைக்க வேண்டும். உறைந்த ஹைட்ரண்டைத் தீ எரியும் இரவில்தான் கண்டுபிடிப்போம் என்றால் அதற்கு யார் பதில் சொல்வது?

மற்ற ஊர்களில் நடந்ததை வாரியம் அறியாததல்ல. 2010 டிசம்பரில் வட அயர்லாந்தில் கடும் உறைபனிக்குப் பின் திடீரென வெப்பம் ஏறியபோது குழாய்கள் ஒரே நேரத்தில் கிழிந்தன. நீர்த்தேக்கங்கள் வற்றின, பல்லாயிரம் வீடுகளுக்கு முறை வைத்து நீர் விட வேண்டியதாயிற்று. தகவல் கேட்டு அழைத்தவர்களுக்குத் தொலைபேசி கிடைக்கவில்லை. அடுத்த மாதம் நீர் நிறுவனத்தின் தலைமை அதிகாரி பதவி விலகினார். 2018 மார்ச்சில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் நான்கு மணி நேரத்துக்கு மேல் நீரிழந்தன. வானிலை எச்சரிக்கை முன்கூட்டியே வந்தும் சில நிறுவனங்கள் ஆயத்தமாகவில்லை என்று ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்வாட் கண்டித்தது. 2021-இல் அமெரிக்காவின் ஜாக்சன் நகர மக்கள் ஏறத்தாழ ஒரு மாதம் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடித்தார்கள். இந்த ஊர்களில் குளிர் மட்டுமே பாழாக்கவில்லை. குளிர் தணியும் நாளுக்கு யாரும் ஆயத்தமாக இல்லை என்பதும் சேர்ந்தது. கிழிந்த குழாய்கள் அத்தனையும் உருகும் நாளில்தான் வெளியே தெரிகின்றன.

எனவே வாரியத்திடம் நாங்கள் கேட்பவை இவை.

இலையுதிர்காலச் சோதனையை இந்த ஆண்டே மீண்டும் தொடங்குங்கள். எல்லா வீடும் முடியாது என்றால் ஆழம் குறைந்த இணைப்புகளும் முன்பு உறைந்த இணைப்புகளும் முதலில். மீட்டர் குழி மூடி, தெருவோர வால்வு, ஹைட்ரண்ட் வடிகால் ஆகிய மூன்றும் மண் உறைவதற்கு முன் முடிந்திருக்க வேண்டும்.

பிரதான குழாய் நீரின் வெப்பநிலையை வாரம் இரு முறை அளந்து பொதுவில் வெளியிடுங்கள். 4 டிகிரிக்கு இறங்கும்போது, பட்டியலில் உள்ள வீடுகளுக்கு மட்டும், எந்தக் குழாயை எவ்வளவு கனத்துக்கு எந்த நாள் வரை ஓடவிட வேண்டும் என்று குறுஞ்செய்தியும் கடிதமும் அனுப்புங்கள். நிறுத்தச் சொல்லும் செய்தியும் உங்களிடமிருந்தே வர வேண்டும், மண்ணின் உறைபனி விலகிய பிறகு.

ஓடவிடச் சொன்ன வீடுகளுக்கு முந்தைய ஆண்டின் அதே மாதங்களின் சராசரியை வைத்துக் கட்டணம் போடுங்கள். முழுக் கட்டணம் என்ற அறிவிப்பை எழுத்தில் திரும்பப் பெறுங்கள்.

உங்கள் குழாய் மண் உறையும் ஆழத்துக்கு மேலே இருப்பதால் உறைந்த இணைப்பை வீட்டுக்காரர் தலையில் கட்டாதீர்கள். மீட்டருக்கு எந்தப் பக்கம் என்பதோடு எவ்வளவு ஆழத்தில் என்பதையும் பொறுப்பைப் பிரிக்கும் அளவுகோலாக்குங்கள்.

வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள் ஆகியோரின் பட்டியலை இப்போதே எடுங்கள். நீர் நின்றால் அவர்கள் வாசலுக்கு முதல் வண்டி போக வேண்டும், அவர்கள் தொலைபேசியில் வரிசையில் நிற்கக்கூடாது.

அழுத்தம் விழுந்து கொதிக்க வைக்கும் அறிவிப்பு வந்தால் அதில் "கொப்புளிக்கக் கொதித்த பின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடத்தில் மூன்று நிமிடம், ஃபில்டர் மட்டும் போதாது" என்று தெளிவாக எழுதுங்கள். அறிவிப்பு நீங்கும்போது எந்தக் குழாயை எவ்வளவு நேரம் ஓடவிட்டு, வாயிலுள்ள வலையைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

ரசீதின் அடியில் உள்ள அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, ஒரு தாளின் இரு பக்கமும் நிரம்ப, வால்வு எங்கே, எப்படி மூடுவது, எதை எப்போது வடிப்பது, உறைந்தால் என்ன செய்வது என்று படத்தோடு அச்சிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்புங்கள். அதை எழுதவும் படம் வரையவும் வீடுகளில் விளக்கவும் நாங்கள் வரத் தயார். வேண்டிய தேதியை நீங்கள் சொல்லலாம், ஆனால் அது முதல் உறைபனிக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்னதாக இருக்க வேண்டும்.

இம்மடலுக்குப் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
குழாய்ப் பணியாளர்களும் குடியிருப்புப் பராமரிப்பாளர்களும்